புளியில் கரையும், தண்ணீரில் கரையாது

எலுமிச்சையைப் பிழிந்து செய்த தேசிக்காய்த் தண்ணீரை ஒரு கரண்டி நாக்கில் விட்டுப் பார்த்தேன். புளிப்பு இருந்தது, இனிப்பு இருந்தது. இரண்டும் போன பிறகு ஒரு காறல் வாயில் நின்றது. சிறு வயதில் செப்புச் சதக் காசை வாயில் போட்டுக்கொண்டு திரிந்தவர்களுக்கு அந்த ருசி தெரிந்திருக்கும்.

முன்கூடத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை துறைமுகத்தில் கிளாக்கர். அவரும் அவருடைய தாயாரும் தாய்மாமனும் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு பஸ் ஏறி வந்திருந்தார்கள். அப்பா அவர்களோடு யுத்தத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். யுத்தம் மட்டும் வந்திராவிட்டால் அந்த மாதிரி நேரங்களில் ஆண்கள் எதைக் கதைத்திருப்பார்களோ தெரியாது.

நான் உள்ளே, சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில், மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையில் நின்றேன். அம்மா கிளாஸ்களில் ஊற்றி முடித்துத் தட்டத்தில் அடுக்கிவிட்டார்.

"அம்மா, இதை ஆரும் குடிக்கக்கூடாது," என்றேன்.

"இண்டைக்கு மட்டும் உன்ரை கெமிஸ்ரி வேண்டாம் எண்டு காலமையே சொன்னனான்," என்றார் அம்மா, உதடு அசையாமல். "தட்டத்தை எடுத்துக்கொண்டு போ."

அந்தத் தட்டத்தோடு என்னை அப்படியே நிற்க விட்டுவிட்டுக் கொஞ்சம் பின்னால் போய் வருகிறேன். கோபிக்க வேண்டாம். போன வாரம் இந்தப் பத்தியில் டிராம் வண்டிக் கதையை ஒரே ஓட்டமாகச் சொல்லி முடித்ததற்கு, "ரீச்சர், வகுப்பிலைகூட நீங்கள் இவ்வளவு கெதியாப் போகேல்லை," என்று பழைய மாணவி ஒருத்தி குறைபட்டாள். இந்த வாரம் அந்தக் குறை இருக்காது.

கெமிஸ்ரி படித்த பெட்டை

அந்த நாட்களில் கொழும்பில் ரசாயனம் படித்த தமிழ்ப் பெண்கள் எல்லோரையும் ஒரு வாடகைக் காரில் ஏற்றிவிடலாம். அதிலும் ஓர் இடம் மிஞ்சும். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. அப்பா தெமட்டகொடையில் ரயில்வே யார்டில் தலைமைக் கிளாக்கராக இருந்தவர். "எஞ்சினுக்கு விடுற தண்ணியைக்கூட கெமிஸ்ரி தெரிஞ்சவன்தான் சோதிச்சு விடுறான். மனிசர் குடிக்கிற தண்ணிக்கு ஒரு ஆள் வேண்டாமே?" என்று சொல்லி அம்மாவின் வாயை அடைத்துவிடுவார். அடைத்த வாய் அரை மணித்தியாலத்தில் திறந்துகொள்ளும்.

எங்களுக்கு வகுப்பில் பெரிய வேலை உப்பைக் கண்டுபிடிப்பது. கறிக்குப் போடும் உப்பைச் சொல்லவில்லை. ரசாயனத்தில் ஓர் உலோகம் அமிலத்தோடு சேர்ந்து பிறப்பதெல்லாம் உப்புத்தான். செம்புக்கு உப்பு உண்டு, இரும்புக்கு உண்டு, காரீயத்துக்கு உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல் ஒரு சின்னப் பொட்டலத்தில் கட்டிக் கையில் தருவார்கள். நாங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டும்.

முதல் விசாரணை எப்போதும் ஒன்றுதான். தண்ணீரில் கரைகிறதா? கரையாவிட்டால் சூடாக்கு. அப்போதும் கரையாவிட்டால் அமிலத்தை விடு. தண்ணீருக்கடியில் கல்லுப்போல அசையாமல் கிடந்த பச்சைத் தூள், நாலு துளி அமிலம் பட்டதும் சீறிக்கொண்டு கரைந்து போகும். கண்ணாடிக் குழாய்க்குள் நீலமும் பச்சையுமாகத் தெளிந்த தண்ணீர் நிற்கும். எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. காரீய உப்பு ஒன்று இருக்கிறது, அது இன்னும் கெட்டிக்காரி. கொதி தண்ணீரில் கரைந்து ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துவிட்டு, ஆறியதும் வெள்ளை ஊசிகளாகத் திரும்பி வந்து உட்காரும்.

இந்த அழகெல்லாம் வீட்டுக்குத் தெரியாது. வீட்டுக்குத் தெரிந்தது மணம்தான். கூழ்முட்டை நாற்றம் அடிக்கும் ஒரு வாயுவைக் குழாய்க்குள் விட்டுத்தான் பல உலோகங்களைப் பிடிக்க வேண்டும். அந்த நாற்றம் சேலையில் ஏறிக்கொண்டு என்னோடு பஸ்ஸிலும் வரும். ஒருநாள் காலி வீதி பஸ்ஸில் கொண்டக்டர் மூக்கைச் சுளித்து, "மொகக்த மே கந்த?" என்று சிங்களத்தில் சத்தமாகக் கேட்டான், என்ன இந்த நாற்றம் என்று. பக்கத்திலிருந்த மனுசி தன் மீன் பையைத் திறந்து மணந்து பார்த்தாள். நான் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த மணத்தை விடப் பெரிய தொல்லை கல்யாணப் பேச்சில் வந்தது. அதற்கு முன் இரண்டு இடத்திலிருந்து வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பெண் பிடிக்கவில்லை என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். மாப்பிள்ளையின் தாய், கொடுத்த கிளாஸைத் தொடாமல், "இப்பத்தான் வீட்டிலை குடிச்சிட்டு வந்தனாங்கள்," என்பார். அவ்வளவுதான், கதை முடிந்தது. வாய் வைத்தால் பாதிச் சம்மதம். குடித்து முடித்தால் நாள் பார்க்கத் தொடங்கலாம். அதனால் அம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று வந்தவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், கிளாஸில் மட்டம் இறங்குகிறதா என்றுதான் பார்ப்பார்.

முதல் வந்த மாப்பிள்ளையின் தாய் கிளாஸைத் தொடவேயில்லை. இரண்டாவது வந்தவர் ஒரு வாய் குடித்தார். அப்பா பெருமையோடு என் படிப்பைச் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அசிட்டோடை புழங்கிற பிள்ளை. நாளைக்குக் கோவம் வந்தா என்னத்தைக் கலக்குமோ ஆர் கண்டது," என்று வெளிவாசல் படலையடியில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அன்று அம்மா இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் பசி கூடும்.

ஆகவே மூன்றாவது சம்பந்தம் வந்தபோது அம்மா எனக்குச் சட்டம் போட்டிருந்தார். "கெமிஸ்ரி எண்ட சொல்லு உன்ரை வாயிலை வரப்படாது. என்ன படிக்கிறாய் எண்டு கேட்டா, படிக்கிறன் எண்டு சொல்லு. மிச்சம் கலியாணத்துக்குப் பிறகு."

நான் சரி என்றேன். ஏனென்றால் இந்த மூன்றாவது இடத்தில் எனக்கும் ஒரு ஆசை விழுந்திருந்தது. பெண்பிள்ளை படிப்பை முடித்து எடுக்கட்டும், அதற்குப் பிறகு கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையே சொன்னதாகத் தரகர் சொல்லிக் காதில் விழுந்திருந்தது. அப்படிச் சொன்ன ஓர் ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்.

பொன் போலத் துலங்கிய சருவம்

அம்மாவிடம் ஒரு பித்தளைச் சருவம் இருந்தது. வாய் அகன்று வயிறு பெருத்த பாத்திரம், அவருடைய கல்யாணச் சீரோடு யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலேறி வந்தது. வீட்டில் பெறுமதியான சாமான் என்று காட்ட எங்களிடம் அதை விட வேறொன்றும் இல்லை. எனாமல் சாமான்கள் எல்லாம் ஓரம் பெயர்ந்து கறுத்துப் போயிருந்தன. யுத்தகாலத்தில் புதிதாக எதையும் வாங்கவும் முடியாது.

பித்தளையில் புளி வைக்கக்கூடாது என்று அம்மாவுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதற்குத்தானே உள்ளே ஈயம் பூசுவது. வருஷத்துக்கொரு தடவை ஈயம் பூசுகிற மனிதர் ஒருவர் துருத்தியும் சாக்குமாக எங்கள் ஒழுங்கைக்கு வருவார். பாத்திரத்தை நெருப்பில் காட்டி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை ஒரு பஞ்சால் வளைத்துத் தேய்ப்பார். வெள்ளைப் புகை எழும்பும். புகை அடங்கும்போது சருவத்தின் உட்புறம் நிலா மாதிரி வெளுத்திருக்கும். வெளியே பொன், உள்ளே வெள்ளி என்று அம்மா சொல்லிக்கொள்வார்.

வெள்ளீயம் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. மலாயா ஜப்பான்காரன் கையில் விழுந்த பிறகு வெள்ளீயமும் வரவில்லை, அங்கே வேலைக்குப் போன எங்கள் சித்தப்பாவின் கடிதமும் வரவில்லை. அம்மா சித்தப்பாவுக்காக நேர்த்தி வைத்தார். ஈயத்தை மறந்துவிட்டார். கொழும்பில் குண்டு விழுந்ததோடு ஈயம் பூசுகிற மனிதரும் கப்பலேறி இந்தியக் கரைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

அவர் கடைசியாகப் பூசிவிட்டுப் போன ஈயம் சருவத்துக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத் திட்டாய் மிஞ்சியிருந்தது. பெண் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாள், அம்மா சருவத்தைப் பின் முற்றத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தார். வெளியே தேய்த்ததோடு விட்டிருக்கலாம். அம்மாவுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. உள்ளே கையை விட்டு, அந்தத் திட்டுக்களை அழுக்கு என்று நினைத்து, ஒன்று விடாமல் தேய்த்து எடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை சருவம் உள்ளும் புறமும் பொன்னாகத் துலங்கிக்கொண்டு மேசையில் இருந்தது. முன்கூடத்தில் உட்காருகிறவர்களுக்குத் திரைச்சீலை இடுக்கால் அதன் மினுக்கம் தெரியவேண்டும் என்பதற்காக அம்மா மேசையைக்கூட ஒரு முழம் தள்ளிப் போட்டிருந்தார்.

என்னைக் காலையிலிருந்து அந்தப் பக்கமே விடவில்லை. முகத்துக்குப் பயற்றமாப் பூசி அறைக்குள் இருத்தி வைத்திருந்தார்கள். கூப்பனுக்குக் கிடைத்த சீனி முழுவதையும் அம்மா அந்தச் சருவத்துக்குள் கொட்டித் தேசிக்காய்களைப் பிழிந்து வைத்தபோது மணி மூன்றரை. நாலு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள், வந்ததும் கொடுத்துவிடலாம். கணக்குச் சரிதான்.

ஸ்டேஷன் வாங்கில் மூன்று பேர்

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரைக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடியும். அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் காலி வீதியில் பட்டாள லொறிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்ததால் கொட்டாஞ்சேனைக்காரர் வந்த பஸ் ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கிறது. அவர்கள் எங்கள் ஒழுங்கை முகப்பில் இறங்கியபோது நாலரை தாண்டிவிட்டது.

அவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்க்காமல், ஒழுங்கையால் நேரே இறங்கிக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போய் அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் படலையிலிருந்து பார்த்தால் அந்த வாங்கு நன்றாகத் தெரியும். அந்த வாங்கிலிருந்து பார்த்தால் படலையும் தெரியும். அப்பா புது வேட்டியோடு படலையில் நின்றார். அவர்கள் புதுச் சேலையும் சால்வையுமாக வாங்கில் இருந்தார்கள். அப்பா போய் வரவேற்றால் ராகு காலத்தில் கூட்டிவந்ததாக ஆகிவிடும். அவர்கள் தலையை அசைத்தால் கண்டதாக ஆகிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காணவில்லை என்று பாவனை பண்ணிக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் கடலைப் பார்த்தார்கள்.

"தாய்மாமன் கச்சான் கடலை வாங்கிறார்," என்று அப்பா இடையில் வந்து அறிவித்தார்.

"வயிறு நிரம்பினா இஞ்சை வந்து என்னத்தைக் குடிக்கப்போயினம்?" என்று அம்மா தவித்தார்.

அந்த ஒன்றரை மணித்தியாலமும் தேசிக்காய்த் தண்ணீர் சருவத்துக்குள் சும்மா இருக்கவில்லை. பித்தளையில் பெரும்பங்கு செம்புதான்; அதன் மேல் காற்றுப் படும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் விழும். வெறும் தண்ணீர் அதைச் சட்டென்று ஒன்றும் செய்யாது. புளித் தண்ணீர் உடனே கரைத்துவிடும். கரைந்த இடத்தில் மறுபடி காற்றுப் படும், மறுபடி படலம், மறுபடி கரைசல். முதல் நாள் அம்மா புளி போட்டுப் பாத்திரத்தைத் துலக்கினாரே, அதே வேலைதான். இப்போது துலக்கிய அழுக்கு குடிக்கிற தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆறு மணி அடித்துச் சரியாக ஐந்து நிமிஷம் விட்டு அவர்கள் படலைக்கு வந்தார்கள். "இப்பத்தான் வாறியளோ, வாங்கோ வாங்கோ," என்றார் அப்பா. "ஓம், பஸ் சுணங்கிப்போச்சு," என்றார் தாய்மாமன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

தட்டம்

இப்போது தட்டத்தோடு நின்ற என்னிடம் வருவோம்.

அம்மா போ என்ற பிறகும் நான் சருவத்துக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளையே இல்லை. தண்ணீர் மட்டம் நின்ற இடத்தில் மெல்லிய பச்சை வளையம் ஒன்று கட்டியிருந்தது. சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

"அம்மா, உள்ளுக்கு ஈயம் இல்லை. செம்பு கரைஞ்சிட்டுது. குடிச்சா வயித்தைப் பிரட்டும்."

"என்ரை சருவத்துக்கு ஒரு குறையும் இல்லை. வேறை சீனியும் இல்லை. மூண்டாவது சனம் இது, பிள்ளை." அம்மாவின் கண் கலங்கிவிட்டது. "போ."

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் நின்ற அந்தச் சில விநாடிகள் என் வாழ்க்கையில் நீளமானவை. பேசாமல் கொடுத்தால் அவர்களுக்குச் சத்தி வரும், குடித்ததெல்லாம் வாந்தியாக வெளியே வரும். கெமிஸ்ரி படித்த பெட்டை விஷம் வைத்துவிட்டாள் என்று கொட்டாஞ்சேனை முழுக்கக் கதை போகும். வாய் திறந்தால் சம்பந்தம் போகும், அம்மாவின் மானமும் போகும். தடக்கி விழுந்து தட்டத்தைக் கொட்டிவிடலாமா என்றும் யோசித்தேன். பெண் பார்க்கிற நேரத்தில் கண்ணாடி உடைந்தால் அதை விடப் பெரிய அபசகுனம் கிடையாது. அதோடு அந்தக் கிளாஸ்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியவை.

போனேன். தலையைக் குனிந்துகொண்டு தட்டத்தை நீட்டினேன். தாய்மாமன் கச்சான் தின்ற தாகத்தில் முதல் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் பாதியைக் குடித்துவிட்டார். மாப்பிள்ளை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருடைய தாயார், மெலிந்து உயர்ந்த, வெள்ளைச் சேலை உடுத்த மனுசி, கிளாஸை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடியாதேங்கோ," என்றேன்.

அப்பாவின் பேச்சு சிங்கப்பூரில் நின்றுபோனது.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பதே வழக்கமில்லை. திறந்து குடிக்க வேண்டாம் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் கொள்வார்கள்? தாய்மாமன் மிச்சப் பாதியோடு கிளாஸைக் கீழே வைத்தார். சால்வையை இழுத்துத் தோளில் போட்டார்.

"எங்களுக்கு விளங்குது," என்றார். "பிள்ளைக்கு விருப்பமில்லை. அதை நேரை சொல்லலாம். கிளாஸிலை பழியைப் போடத் தேவையில்லை."

"விருப்பமில்லை எண்டு நான் சொல்லேல்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அதுவரை என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருந்த மாப்பிள்ளை அப்போது பார்த்தார். என் முகம் சிவந்து போயிருக்க வேண்டும், எனக்குக் காது இரண்டும் சுட்டது. இனி மறைத்து என்ன.

"நான் கெமிஸ்ரி படிக்கிறன். இதுக்குள்ளை செம்பு கரைஞ்சிருக்கு. குடிச்சா சத்தி வரும்."

திரைச்சீலைக்குப் பின்னால் அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது.

வெள்ளைச் சேலை அம்மா கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, நம்பவும் இல்லை. "செம்பு கரையுமே பிள்ளை? எங்கடை வீட்டிலை காலம் காலமாப் பித்தளைக் குடத்திலை தண்ணி வைச்சுத்தான் குடிக்கிறம்."

"வெறும் தண்ணியிலை கரையாது. புளியிலைதான் கரையும். பொறுங்கோ, காட்டுறன்."

கத்தி

குசினியிலிருந்து கறி வெட்டும் கத்தியை எடுத்துச் சாம்பல் போட்டு மினுங்க மினுங்கத் தேய்த்துக் கொண்டுவந்தேன். ஈரமாக இருந்தது. துடைக்கப் பட்டுச் சேலையைப் பிடித்தேன். "இதாலை துடையும்," என்று மாப்பிள்ளை தன் கைலேஞ்சியை நீட்டினார். நல்ல வெள்ளைக் கைலேஞ்சி. துடைத்தேன். அவருடைய தாயாரின் கையிலிருந்த கிளாஸை வாங்கிக் கூடத்துச் சிறு மேசையில் வைத்து, கத்தியை நுனி கீழே இருக்க அதற்குள் நிறுத்தினேன்.

கரைந்த செம்புக்கு இரும்பைக் கண்டால் போதும். தண்ணீரை விட்டு வந்து இரும்பின் மேல் ஏறிக்கொள்ளும். கண்ணாடிக் குழாயில் அதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணாடிக் குழாயில் பார்த்தபோது என் கல்யாணம் அதற்குள் இருக்கவில்லை.

எல்லோரும் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காலிப் பக்கம் போகும் ரயில் ஒன்று வீட்டை அதிரவைத்துக்கொண்டு போயிற்று. கிளாஸ்கள் கிணுகிணுத்தன. "கத்தி நல்லாக் குடிக்குது," என்று தாய்மாமன் கேலி பண்ணினார். எனக்குள் வேறு ஒரு பயம் வந்தது. செம்பு போதிய அளவு இல்லாவிட்டால்? கத்தி வெளுத்தபடியே வந்தால்? என் வாழ்நாளில் ஒரு சருவத்துக்குள் நஞ்சு இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

கத்தியை எடுத்தேன். கூடத்து ஜன்னல்களுக்கு விமானத் தாக்குதலுக்குப் பயந்து கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. "வெளிச்சத்துக்குக் கொண்டு வாரும்," என்று மாப்பிள்ளை எழுந்து வாசலுக்கு வந்தார். தாயாரும் வந்தார். கடலுக்கு மேல் அந்தி வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கத்தியின் மேல் பாதி வெள்ளை. தண்ணீருக்குள் நின்ற கீழ்ப் பாதியில் புதுச் செப்புக் காசின் நிறம் மெல்லியதாகப் படர்ந்திருந்தது.

தாயார் கத்தியை வாங்கினார். பெருவிரலால் ஒருமுறை தடவினார். விரலைப் பார்த்தார்.

"மெய்தான்," என்றார். "செம்பு."

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் கூடத்திலிருந்து வேகமாக வெளியே வந்தார். "எனக்கு என்னவோ செய்யுது," என்று சொல்லி முடிக்க நேரம் போதவில்லை. அப்பா ஆசையோடு வளர்த்த குரோட்டன் சாடிகளுக்கு மேல் குனிந்துவிட்டார். மாப்பிள்ளை ஓடிப்போய் அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே சிரித்தார். அடக்கப் பார்த்தும் முடியாமல், தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கு அந்த மனுசனை அந்த இடத்திலேயே பிடித்துவிட்டது.

பிடித்து என்ன பயன் என்றும் நினைத்தேன். வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது மேசையில் அந்தத் தாயாரின் கிளாஸ் ஊற்றிய மட்டத்தில் அப்படியே நின்றது. அம்மாவும் அதைத்தான் பார்த்திருப்பார். திரைச்சீலை அசைந்தது. குசினிப் பக்கம் போகும் காலடிச் சத்தம் கேட்டது.

நானும் பின்னால் போனேன். அம்மா தேங்காய் திருவுகிற திருவலையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மேசையிலிருந்து தூக்கி வந்த சருவம் முன்னால் இருந்தது. "சீனி முழுக்கப் போச்சு," என்றார். சீனிக்காக அழவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பக்கத்தில் குந்தி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன்.

குசினி வாசலில் நிழல் விழுந்தது. வெள்ளைச் சேலை அம்மா வந்து நின்றார். சம்பந்தம் முடியாமல் மாப்பிள்ளை வீட்டார் குசினிவரை வருவதில்லை. அம்மா திடுக்கிட்டு எழும்பினார்.

"அக்கா, நான் வேணுமெண்டு செய்யேல்லை. ஈயம் பூசின சருவம் எண்டுதான்…"

"உங்களிலை பிழையில்லை, தங்கச்சி," என்றார் அவர். "நீங்கள் நாலு மணிக்கு ஆயத்தமா வைச்சிருந்தனீங்கள். ராகு காலம் பாத்துக் கடற்கரையிலை இருந்தது நாங்கள்தானே."

பிறகு சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு குனிந்து சருவத்தின் விளிம்பைத் தடவினார். "நல்ல கனம். உங்கடை சீரோ?" என்று கேட்டார். அம்மா தலையை ஆட்டினார். அவர் சருவத்தைத் தானே தூக்கிப் பின் முற்றத்துக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தேசிக்காய்த் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்த்தார். இரண்டு மூன்று தரம் அலசி ஊற்றினார். என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, வெறும் தண்ணியிலை கரையாது எண்டு சொன்னனீயெல்லோ?"

"ஓம்."

"இப்ப இதுக்குள்ளை தண்ணி பிடிச்சுக் குடிச்சா ஒண்டும் செய்யாதே?"

"புளி எல்லாம் போயிட்டுது. உடனை குடிச்சா ஒண்டும் செய்யாது."

அவர் குழாயைத் திறந்துவிட்டார். சருவம் நிரம்பும் சத்தம் கேட்டுக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் நின்றோம். குசினித் தட்டில் இருந்த ஒரு கிளாஸை எடுத்து, சருவத்துக்குள் விட்டு அள்ளினார். வாய்க்குக் கொண்டுபோகும்போது அம்மா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் அக்கா. ஏதும் செய்துபோட்டா?"

"உங்கடை பிள்ளை செய்யாது எண்டு சொல்லுறா," என்றார் அவர். "எனக்கு அது போதும்."

அம்மா கையை விட்டார். கன்னத்தில் கண்ணீர் காயாமல், பழக்கம் விடாமல், கிளாஸின் மட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது இறங்கியது. பாதிக்கு வந்தது. அடி தெரிந்தது.

என் மாமி கிளாஸைக் கவிழ்த்துக் காட்டினார்.